சிவாலயப் பாதையில் வாரயிறுதி நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவாலயங்களை இணைக்கும் பாதையை எங்கள் நடைக்குழு இரண்டு வாரயிறுதிகளாகப் பிரித்து நடக்கிறது. தேதி அறிவித்த உடனே ஒரே சந்தேகங்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்துவிடும். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இது சிவராத்திரிக்கு ஓடுவாங்களே, அந்த ஓட்டமா?

பாதை அதேதான், நோக்கம் வேறு. சிவாலய ஓட்டம் என்பது விரதமிருந்து, மாலை போட்டு, மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறையில் தொடங்கி, இரவும் பகலுமாக பன்னிரண்டு கோயில்களையும் தொட்டு முடிக்கும் வழிபாடு. காவி உடை, கையில் பனையோலை விசிறி, அந்த விசிறியோடு சேர்த்துக் கட்டிய சிறு துணிப்பை. பையில் திருநீறும் சில்லறையும் இருக்கும். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கிவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போவார்கள். மாவட்டத்துக்கே சிவராத்திரி அன்று உள்ளூர் விடுமுறை.

நாங்கள் செய்வது வருடத்தின் மற்ற நாட்களில் அதே வழியில் நிதானமாக ஒரு நடை. விரதம், மாலை, உடை எதுவும் கட்டாயமில்லை. ஆனால் பலருக்கு இது வேண்டுதல் பாதை. அதனால் வழியில் பாட்டுப் பெட்டி, பந்தயம், சட்டையில் எண் எழுதி ஓடுவது போன்ற வேலைகள் நம் குழுவில் கிடையாது.

பன்னிரண்டு கோயிலும் எதெல்லாம்? வரிசை உண்டா?

உண்டு. முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். எல்லாம் பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களுக்குள் அடக்கம். வடகிழக்கே மலையடிவாரம் வரை போய், தக்கலை வழியாக மறுபடி மேற்கே திரும்பும் ஒரு வட்டம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முஞ்சிறையும் முடியும் நட்டாலமும் இரண்டுமே மார்த்தாண்டத்துக்குப் பக்கம்.

பெரும்பாலான கோயில்கள் ஓட்டுக்கூரை போட்ட தாழ்ந்த கேரள பாணிக் கட்டிடங்கள். உயர்ந்த கோபுரம் பார்க்க ஆசை இருந்தால் பத்மநாபபுரத்தில் உள்ள கல்குளம் நீலகண்ட சுவாமி கோயில் வரை பொறுத்திருங்கள். திக்குறிச்சியில் நந்தி இல்லை. முதல் தடவை வருபவர்கள் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை, வெளியே வந்த பிறகு சொன்னால் மறுபடி உள்ளே ஓடுவார்கள்.

சிவன் கோயிலுக்குப் போறவங்க எதுக்கு 'கோவிந்தா கோபாலா'ன்னு சொல்லணும்?

கதை பாரதத்தோடு சேர்ந்தது. தருமரின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்தைத் தேடி பீமனை அனுப்புகிறான் கிருஷ்ணன். புருஷாமிருகம் பாதி மனிதன், பாதி விலங்கு. சிவபக்தன், ஆனால் திருமால் பெயரைக் கேட்டாலே ஆகாது. பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சம். 'கோவிந்தா, கோபாலா' என்று கூவியதும் அது துரத்துகிறது. நெருங்கும்போது பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்ய, பீமனுக்கு ஓட நேரம் கிடைக்கிறது. இப்படிப் பன்னிரண்டு இடம்.

கடைசி இடத்தில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் ஒரு கால் வெளியேயும் மாட்டிக்கொள்கிறது. தருமரிடம் வழக்கு போகிறது. தம்பி என்றும் பார்க்காமல், பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொல்கிறார். கடைசியில் அரியும் அரனும் ஒன்று என்று சங்கரநாராயணராகக் காட்சி. அதனால்தான் நட்டாலத்தில் சங்கரநாராயணர். பொறுமையாக நடக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் வேறொன்றும் தட்டுப்படும்: துரத்துகிற ஆளே ஒவ்வொரு ஊரிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எண்பது சொச்சம் என்பார்கள், 110 என்பார்கள், 118 என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. வயல் வரப்பு, சானல்கரை (பாசனக் கால்வாயின் கரை), ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதை என்று குறுக்கே போனால் ஒரு கணக்கு, பேருந்து போகும் ரோட்டிலேயே போனால் இன்னொரு கணக்கு. கோயில் பிரகாரம், குளம், சாயாக்கடை என்று அலைந்ததை எல்லாம் கைபேசி சேர்த்துக்கொள்ளும். நாங்கள் நான்கு நாள் திட்டத்தை எண்பத்தைந்தை ஒட்டி வருகிற மாதிரி வகுத்திருக்கிறோம்.

ஒரே வாரயிறுதியில முடியாதா? ரெண்டு தடவை லீவு கிடைக்காது.

முடியும். ஆனால் அது நடையாக இருக்காது. எங்கள் பிரிவு இப்படி. முதல் வாரயிறுதி சனிக்கிழமை: முஞ்சிறை, திக்குறிச்சி, சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. 25 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை: திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை, அப்புறம் பொன்மனை. 15 கிலோமீட்டர்தான், ஆனால் முதல்நாள் கால்களோடு.

இரண்டாவது வாரயிறுதி சனிக்கிழமை: பொன்மனையிலிருந்து பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு. சுமார் 20. ஞாயிற்றுக்கிழமை மீதி நான்கு: திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, நட்டாலம். அது மறுபடி 25 பக்கம் போகும். ஒரு வாரயிறுதிதான் கிடைக்கும் என்றால் முதலாவதுக்கு வாருங்கள். ஆறு, அருவி, குகை, ரப்பர் எல்லாம் அதில்தான். ஊர்களும் வரலாறும் இரண்டாவதில்.

மலை ஏறணுமா? காடு, யானை எல்லாம் உண்டா?

கிடையாது. இது ஊர்கள் வழியாகப் போகும் தார் ரோட்டு நடை. காட்டுக்குள் நடப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் யானை உண்டு, நாம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மலை இல்லை என்றதும் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரோடு சமதளமாக ஒரு கிலோமீட்டர் சேர்ந்து கிடக்காது. ஒரு மேடு, ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு தோடு (சிற்றோடை) அல்லது குளம், மறுபடி மேடு. முட்டிக்கு வேலை இறக்கத்தில்தான். காலை பத்தரைக்கு மேல் தார் சூடேறிவிடும். இந்தப் பாதையில் ஆளைக் கவிழ்ப்பது உயரமல்ல, தாரும் புழுக்கமும்தான்.

எனக்கு அம்பத்தெட்டு வயசு, சுகர் உண்டு. வரலாமா?

வயது பிரச்சினையே இல்லை. எங்கள் குழுவில் வேகமாகப் போய்விட்டு மூச்சு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மாத்திரை, ஊசி நேரம் நடை நாளில் மாறும். தாழ்சர்க்கரை வந்தால் உடனே வாயில் போட மிட்டாயோ குளுக்கோஸோ உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், முதுகுப் பையின் அடியில் அல்ல. வெறுங்காலோடு நடப்பது உங்களுக்குக் கூடவே கூடாது. காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் கொப்புளம் உடைந்த பிறகுதான் தெரியவரும். ஒவ்வொரு கோயில் வாசலிலும் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வருவதற்கு முன் மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து நடந்து பழகுங்கள். ஒரே நாளில் 12 கிலோமீட்டர் நடந்து, மறுநாளும் எழுந்து கடைக்குப் போக முடிகிறது என்றால் வரலாம்.

ஷூவா, செருப்பா, வெறுங்காலா?

ஓட்டத்துக்குப் போகிறவர்கள் வெறுங்காலில் போவது விரதத்தின் பகுதி. நாம் பழகிய பாதரக்ஷையோடு போகலாம். புதிதாக வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வராதீர்கள். ஷூவில் ஒரு சிக்கல்: ஒவ்வொரு கோயிலிலும் அவிழ்த்து, ஈரக்காலோடு மறுபடி மாட்ட வேண்டும். ஈரம் உள்ளே போனால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். அதனால் பின்வார் வைத்த செருப்பு போடுகிறவர்கள் கூடுதல். ஷூதான் வேண்டும் என்றால் ஒரு சிறு துண்டும் மாற்று சாக்ஸும் கையோடு இருக்கட்டும். விரலிடுக்கில் வாசலின் தடவுங்கள்.

எந்த மாசம் நல்லது?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் தேதி வைத்தால் பாதி நாள் குடை பிடித்துத்தான் நடக்க வேண்டும். மழையில் ரப்பர் தோட்டத்தில் அட்டை ஏறும். ஆகஸ்ட், செப்டம்பரில் இடைவெளி கிடைத்தால் பச்சை அழகாக இருக்கும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? அஞ்சரைன்னா கொஞ்சம் ஓவர் இல்லையா?

இல்லை. தார் சூடு பற்றி மேலே சொன்னதுதான் காரணம். அதோடு, களியல் தாண்டிய ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு முடிவதற்குள் போனால்தான் பார்க்கக் கிடைக்கும். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய், பட்டையைச் சரிவாக ஒரு மயிரிழை சீவுவார்கள். கோடு வழியே பால் வழிந்து சிரட்டையில் சொட்டும். அதே ஆள் அடுத்த மரத்தில் இருப்பார். உங்கள் டார்ச்சை அவர்கள் முகத்தில் அடிக்காதீர்கள், கையில் கத்தி. பிறகு வெயில் ஏறியதும் தோட்டத்து ஓரங்களில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) நாற்றம் கிளம்பும். புதியவர்கள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். நாங்களெல்லாம் அதிலேயே வளர்ந்தவர்கள், மூக்கைப் பொத்த மாட்டோம்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. காலையில் புட்டும் பயறும் பப்படமும், பத்து மணிக்கு சாயாவும் ரசவடையோ பழம்பொரியோ, மதியம் சோறு அல்லது மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். சிலர் நடை முடியும்வரை மீன் சாப்பிட மாட்டார்கள், அவர்கள் எதிரில் பெருமை அடிக்க வேண்டாம். வழியில் மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். சின்னப் பழம், தனி மணம், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. நடக்கும்போது இரண்டு பழம் சாப்பிட்டால் அடுத்த கோயில் வரை போதும். தண்ணீர் இரண்டு லிட்டர் கொள்ளும் பாட்டில், காலியானால் சாயாக்கடையில் கேட்டு நிரப்பலாம். சானல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி.

பெண்டுகள் வருவாங்களா? பாத்ரூமுக்கு என்ன செய்ய?

வருகிறார்கள். இரண்டாவது பாதிக் கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. பேருந்து நிலையங்கள், பெட்ரோல் பங்குகள், திற்பரப்பு அருவிப் பகுதி, பெரிய ஓட்டல்கள். இவற்றை வைத்துத்தான் இடைநிற்கும் இடங்களையே முடிவு செய்கிறோம். பொன்மனைக்கும் பன்னிப்பாகத்துக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம், அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பவர்கள் பத்து மணிக்குத் தலைவலி என்று உட்காருவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம், குழுவில் சொல்லுங்கள், நிறுத்துவோம்.

நான் சர்ச்சுக்குப் போறவன். கூட வந்தா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டார்கள். குழுவில் எல்லாத் தரப்பும் இருக்கிறோம். கோயிலுக்குள் வர விருப்பமில்லாதவர்கள் ஆலமரத்தடியிலோ குளத்துப் படியிலோ பைகளுக்குக் காவல் இருப்பார்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. உள்ளே வருகிற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

உண்மையில் இரண்டாவது வாரயிறுதி முழுக்கவே எல்லாரும் கலந்த பாதைதான். தக்கலையில் பீர் முகமது அப்பா தர்கா. திருவிதாங்கோட்டில் அரைப்பள்ளி என்கிற பழைய தேவாலயம், சிவன் கோயில் இருக்கும் அதே ஊரில். கடைசி ஊரான நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் தேவசகாயம் பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்து, கிறிஸ்தவராகி, 1752இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே மாதம் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். சங்கரநாராயணரைக் கும்பிட்டவர்களும் தேவசகாயம் பிறந்த இடத்தைப் பார்த்தவர்களும் ஒரே கடையில்தான் சாயா குடிப்பார்கள்.

நாம போற நேரத்துல கோயில் பூட்டியிருந்தா?

சில கோயில்கள் பூட்டித்தான் இருக்கும். காலை பூசை முடிந்து பதினொன்றை ஒட்டி நடை சாத்தினால் மாலை ஐந்துக்குத்தான் திறப்பு. பன்னிரண்டிலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவது கால்நடையாக நடக்காத காரியம். வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகர்கிறோம். எல்லாக் கோயிலிலும் தரிசனம் முக்கியம் என்றால் ஒருநாள் வண்டியில் தனியாகப் போய் வாருங்கள். சிவராத்திரி அன்று இந்தச் சிக்கல் இல்லை.

பூட்டியிருந்தாலும் வீணாகாத இடம் திருநந்திக்கரை. பக்கத்தில் பாறையைக் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. சுவரில் பழைய ஓவியங்களின் தடம் மிச்சம் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் அங்கே உண்டு, அவன் பிறந்த சதய நாளைக் கொண்டாடச் செய்த ஏற்பாட்டைச் சொல்வது. சுவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க நினைப்பவர்களுக்கு: திங்கள்கிழமைதான் விடுமுறை, சனிக்கிழமை நமக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே நுழைந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும், மேலாங்கோடு இருட்டில்தான் வரும்.

மேப்புல குறுக்கு வழி காட்டுதே, அதுல போனா என்ன?

அது பாதி நேரம் யாருடைய ரப்பர் தோட்டத்திலோ, வீட்டு முற்றத்திலோ கொண்டுபோய் விடும். கேட் இருந்தால் திரும்பிவிடுங்கள். கேட் இல்லாவிட்டாலும், எதிரில் வருகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். 'அண்ணே, இப்படிப் போனா பொன்மனை போகலாமா?' என்றால் பாதி தூரம் கூடவே வந்து காட்டுவார்கள். கேட்காமல் போனால் நாய்தான் முதலில் கேட்கும்.

சானல்கரை வழிகள் வேறு. நிழல், மண்தரை, வண்டி குறைவு. கிடைக்கிற இடத்தில் எல்லாம் அதைத்தான் பிடிக்கிறோம். தண்ணீர் திறந்திருக்கும் நாளில் கரை ஓரமாக நடக்காமல் உட்புறம் நடங்கள், குழந்தைகள் கையை விடாதீர்கள்.

டிப்பர் லாரி பயமா இருக்கு. வீட்டுல அதைச் சொல்லித்தான் வேண்டாம்கிறாங்க.

வீட்டில் சொல்வது சரிதான். இந்தப் பாதையின் நிஜ ஆபத்து அது ஒன்றுதான். ரோடு அகலம் குறைவு, நடைபாதை கிடையாது, வளைவில் லாரி கொட்டிய ஜல்லி சிதறிக் கிடக்கும். எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி வலது பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடப்போம். வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் மட்டும் முன்கூட்டியே இடது பக்கம் கடந்துவிடுவோம். விடியலுக்கு முன் முன்னவரும் பின்னவரும் ஒளிரும் பட்டை போட்ட சட்டை. காதில் இயர்போன் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கெடுபிடி. இரண்டு தடவை சொல்லியும் ஜோடியாக அரட்டை அடித்து நடக்கிறவர்களை அடுத்த நடைக்குக் கூப்பிடுவதில்லை.

திற்பரப்புல குளிக்கலாமா?

சனிக்கிழமை நடை அங்கேதான் முடிகிறது, குளிக்காமல் எப்படி? ஆனால் மழைக் காலத்தில் கோதையாற்றில் வெள்ளம் வந்தால் தடை போடுவார்கள். தடை என்றால் தடைதான், பக்கத்தில் வேறு கடவு (குளிக்கும் துறை) தேடிப் போக வேண்டாம். அணையில் திறந்துவிட்ட தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும்.

ராத்திரி அங்கேயே தங்கணுமா? பாதியில முடியலன்னா?

தங்க வேண்டும் என்று இல்லை. திற்பரப்பு, குலசேகரம் பக்கம் சிறு விடுதிகள் உண்டு. ஆனால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்காரர்கள் பலர் பஸ் ஏறி வீட்டில் தூங்கிவிட்டு விடியலில் வந்துவிடுவார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் செலவும் இல்லை. குழுவுக்குக் கட்டணம் கிடையாது, அவரவர் சாப்பாடு, பஸ், தங்கல் அவரவர் கையில்.

பாதியில் நிற்பதற்கு இதைவிட வசதியான பாதை இருக்காது. எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கும். கடைசி நாள் பள்ளியாடி, குழித்துறை ரயில் நிலையங்களும் எட்டும் தூரம். பின்னால் வருகிற பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். சொல்லாமல் போனால் உங்களைத் தேடி மற்றவர்கள் திரும்பி நடக்க வேண்டியிருக்கும், அது நியாயமில்லை.

நட்டாலத்துல தொடங்கி திருப்பி நடந்தா வெயில் குறையுமே?

கணக்குப்படி வெயிலில் பெரிய வித்தியாசம் வராது. வேண்டுதலுக்காக வருபவர்கள் முஞ்சிறையிலிருந்துதான் தொடங்குவார்கள், மேலே சொன்ன கதையும் அந்த வரிசையில்தான் பொருந்தும். வெறும் நடைக்காக வந்தவருக்கு எப்படிப் போனாலும் பாதை ஒன்றுதான். ஆனால் குழுவாக முஞ்சிறையில்தான் கூடுகிறோம். பக்கத்துப் பார்த்திவபுரத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் எடுப்பித்த கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டால் அதையும் பார்க்கலாம்.

ரெண்டு வாரயிறுதியும் முடிச்சாச்சு. அப்ப வர்ற சிவராத்திரிக்கு ஓடிரலாம்ல?

நான்கு நாளில் நடந்ததை ஒரே மூச்சில், தூக்கமில்லாமல், வெறுங்காலில், ஈரத்துணியோடு செய்ய வேண்டும். நான்கு நாள் நடை அதற்குப் பயிற்சி ஆகாது, வழி தெரியும் என்பது மட்டும்தான் லாபம். நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்: சிவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, வீட்டைச் சுற்றியாவது தினமும் கொஞ்சம் வெறுங்காலில் நடந்து தோல் பழகட்டும். ஒரு தடவையாவது இரவு முழுக்க நடந்து பாருங்கள், பின்னிரவு மூன்று மணிக்கு உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஈரவேட்டி தொடையில் உரசிப் புண்ணாவதுதான் பலரை நடுவழியில் உட்கார வைக்கிறது, தேங்காய் எண்ணெய் கையில் இருக்கட்டும்.

தனியாகப் போக வேண்டாம். ஊர் ஊராகக் கூட்டமாகக் கிளம்புவார்கள், வருஷா வருஷம் போகிற ஒரு பெரியவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். விரதம் எப்போது தொடங்குவது, என்ன சாப்பிடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது எங்கள் குழுவின் வேலை இல்லை. வழியெங்கும் சுக்குக்காப்பி, பானகம், மோர், கஞ்சி என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் குடித்துவிட்டு மேட்டில் ஓட முயலாதீர்கள்.